பயிற்சித்தாள், மணிச்சட்டம், எண்கோல், செயலி: கணக்குக்கு எது துணை?

குழந்தைக்குக் கணக்கில் நாட்டம் வர வேண்டும் என்று விரும்பும் பெற்றோர் முன் வழக்கமாக நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன. வேகம், மதிப்பெண், நினைவாற்றல் என ஒவ்வொன்றும் தன் பெருமையைச் சொல்லிக்கொள்ளும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: குழந்தை தவறான விடை எழுதிய பிறகு அந்த வழியில் என்ன நடக்கிறது?

52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். 2-லிருந்து 7 போகாது என்பதால் அது 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கிறது. இது கவனக்குறைவு அல்ல. எப்போதும் பெரிய இலக்கத்திலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று குழந்தை தானே வகுத்துக்கொண்ட விதி.

பயிற்சித்தாள் முறைகளில் உலகெங்கும் பரவியது குமோன். ஜப்பானிய ஆசிரியர் தோரு குமோன் 1954-இல் தம் மகனுக்காக எழுதத் தொடங்கிய தாள்களிலிருந்து வளர்ந்தது அது. வகுப்பைப் பொருட்படுத்தாமல், குழந்தை நிற்கும் இடத்திலிருந்து சிறு சிறு படிகளாக ஏற்றிச் செல்வது இதன் பலம். வாய்ப்பாடு தயக்கமின்றி நாவில் வந்துவிட்டால், பெரிய கணக்கில் மனம் யோசிக்க வேண்டியதை யோசிக்க முடிகிறது. ஆனால் 35 என்ற விடை தவறு என்று சொல்லத் தெரிந்த தாளுக்கு, அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரியாது. கூடவே கடிகாரத்தையும் வைத்துவிட்டால், தெரிந்த கணக்கிலேயே தடுமாறும் குழந்தைகள் உண்டு.

மணிச்சட்டத்தில் அந்தத் தவறு எழவே வாய்ப்புக் குறைவு. ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஐந்து மதிப்புள்ள ஒரு மணியும் கீழே ஒன்று மதிப்புள்ள நான்கு மணிகளும் கொண்ட ஜப்பானிய வகையில், ஏழைக் கழிக்கப் பத்தை நீக்கி மூன்றைச் சேர்க்க விரல் பழகிவிடுகிறது. விடை 25 என்று சரியாக வருகிறது. பின்னர் சட்டமே இல்லாமல், மனத்தில் மணிகளை நகர்த்திக் கணக்கிடும் திறமையும் வாய்க்கிறது. மேடையில் கைதட்டல் பெறுவதற்கு இதை மிஞ்சியது இல்லை. ஆனால் ஏன் பத்தை நீக்குகிறோம் என்பது புரியாமலே இத்தனையும் நடந்துவிடலாம்; பின்னங்களுக்கும் வாக்கியக் கணக்குகளுக்கும் இந்த விரல் பழக்கம் பெரிதாக உதவாது.

எண்கோல்களிடம்தான் என் சார்பு. பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் உருவாக்கிய கோல்கள் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை, நீளத்துக்கொரு நிறத்தில் இருக்கும். ஐந்து பத்துக் கோல்களையும் இரண்டு ஒன்றுகளையும் கையில் கொடுத்து 27-ஐத் திருப்பித் தரச் சொன்னால், இரண்டு பத்துகளைத் தந்த குழந்தை, ஏழு ஒன்றுகள் இல்லையே என்று திகைத்து, ஒரு பத்தைச் சில்லறையாக்கித் தரும்படி தானே கேட்கும். ‘கடன் வாங்குதல்’ என்று நாம் ஓதிவந்தது அதன் கண்ணெதிரே நடக்கிறது. பின்னத்தில் பயன் இன்னும் அதிகம். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளையிடம், 6 செ.மீ. கோலை முழுமை என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதி 3, மூன்றில் ஒரு பங்கு 2. இரண்டையும் ஒட்டி வைத்தால் 5, அதாவது 5/6. பாதியோடு இன்னும் ஒரு பங்கைச் சேர்த்த பிறகு, பாதியைவிடக் குறைந்த 2/5 எப்படி வந்தது என்று அந்தப் பிள்ளையே கேட்கும்.

இதற்கும் குறை உண்டு. பெரியவர் ஒருவர் பொறுமையாக அருகில் உட்கார வேண்டும். கோலிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து எழுத்துக் கணக்குக்கும் நகர்த்தாவிட்டால் எல்லாம் விளையாட்டோடு நின்றுவிடும்.

செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கான் அகாடமி போன்றவை இலவசம். தவறினால் குறிப்பும் காட்டுகின்றன. மூத்த பிள்ளைகள் புரியாத பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். சிறியவர்களோ, நான்கு விடைகளில் ஒன்று போனால் மற்றொன்று என்று தொட்டுப் பார்த்தே நட்சத்திரங்களைச் சேர்த்துவிடுவார்கள்.

ஆகவே, இடமதிப்பும் பின்னமும் பிடிபடும் வரை கோல்கள். அட்டையை அளந்து வெட்டிக்கொண்டாலும் போதும். பிறகு, கடிகாரம் இல்லாமல் தினமும் ஓரிரு பயிற்சித்தாள்கள். மணிச்சட்டம் குழந்தை தானாக விரும்பினால் மட்டும். எதைத் தேர்ந்தாலும், “இது எப்படி வந்தது?” என்று விடை சரியாக இருக்கும்போதும் கேளுங்கள், தவறும்போது மட்டும் கேட்டால், கேள்வி காதில் விழுந்ததுமே குழந்தை விடையை அழிக்கத் தொடங்கிவிடும்.