நான்சி ட்ரூ: ஒரே தலைப்பு, இரண்டு கதை

சிறுவயதில் படித்த, நான்சி ட்ரூ என்ற துப்பறியும் பெண்ணின் கதைகளை மறுபடி வாங்கிப் படிக்கும் பலருக்கு ஒரு குழப்பம் வரும். தலைப்பு அதேதான், உள்ளே கதை வேறு மாதிரி இருக்கிறதே! உங்கள் ஞாபகத்தில் பிழையில்லை. வரிசையின் முதல் 34 புத்தகங்களுக்கும் பழைய வடிவம், திருத்திய வடிவம் என இரண்டு உண்டு.

1930இல் எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர் தொடங்கிய தொடர் இது. அட்டையில் ஆசிரியராகக் காணும் 'கரோலின் கீன்' என்பது அவருடைய நிறுவனம் வைத்த புனைபெயர். முதல் 30 புத்தகங்களில் 23 மில்ட்ரெட் வர்ட் பென்சன் எழுதியவை. 1959 முதல் ஸ்ட்ராட்டமேயரின் மகள் ஹாரியட் ஆடம்ஸ் பொறுப்பில் இவை திருத்தப்பட்டன. இனவெறிச் சித்திரிப்புகளை நீக்குவது ஒரு காரணம். அளவைக் குறைத்து அச்சுச் செலவை மிச்சப்படுத்துவது இன்னொன்று. 25 அத்தியாயங்கள் 20 ஆயின. பதினாறு வயது நான்சிக்குப் பதினெட்டு ஆனது.

'பழைய கடிகாரத்தின் ரகசியம்' எனும் முதல் கதையில், காணாமல்போன உயிலைத் தேடும் கரு இரண்டிலும் ஒன்றே. 'ஷேடோ ரேஞ்ச்' எனும் கதை அப்படியல்ல. 1931 வடிவத்தில் கண்டிப்பான ஒரு பெண்ணிடம் வளரும் சிறுமியைப் பற்றிய மர்மம். 1965 வடிவத்தில் பேய்க்குதிரை. தலைப்பைத் தவிர ஒட்டும் உறவும் குறைவு.

எனக்குப் பழைய நான்சியைத்தான் பிடிக்கும். பெரியவர்களிடமும் தயங்காமல் பேசுகிறாள், யாரிடமும் அனுமதி கேட்டு நிற்பதில்லை. திருத்திய நான்சி ரொம்பச் சமர்த்து. ஆனால் வேகம் அவளிடம்தான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் திடுக்கிடும் முடிவு, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்கள். பழைய வடிவத்தில் கறுப்பினப் பாத்திரங்களை இழிவாகக் காட்டும் இடங்கள் அப்படியே இருக்கின்றன. முதல் கதையில் வரும் காவல்காரர் ஜெஃப் டக்கர் ஓர் உதாரணம். திருத்தியவர்கள் அவரைக் கண்ணியமாக மாற்றி எழுதாமல் வெள்ளைக்காரராக்கிவிட்டார்கள். பிள்ளைகளிடம் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். (நான்சியின் தோழி பெஸ்ஸின் சாப்பாட்டு ஆசையைக் கேலி செய்வது மட்டும் எந்தத் திருத்தத்திலும் போகவில்லை.)

பழைய புத்தகம் வாங்கும்போது பலர் ஏமாறுவது ஆண்டில்தான். திருத்திய பிரதியின் காப்புரிமைப் பக்கத்திலும் 1930 போன்ற முதல் பதிப்பின் ஆண்டு சேர்ந்தே இருக்கும்; விற்பவர் அதை மட்டும் எடுத்து விளம்பரத்தில் போட்டுவிடுவார். பொருளடக்கப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி அத்தியாயங்களை எண்ணுங்கள்: 25 என்றால் பழையது, 20 என்றால் பெரும்பாலும் திருத்தியது. மஞ்சள் முதுகுள்ள படஅட்டை 1962இல் வந்தது. அப்போது திருத்தப்படாத கதைகள் சில காலம் அதே அட்டைக்குள் 25 அத்தியாயங்களோடு வந்ததால், மஞ்சள் நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரதிகளின் தாள் மட்டமானது. பழுத்து, மடித்தால் ஒடியும். சேகரிப்பவருக்குச் சரி, படிப்பவருக்கு வேண்டாம்.

பழைய வடிவம்தான் வேண்டுமென்றால் 1991 முதல் ஆப்பிள்வுட் புக்ஸ் வெளியிட்ட மறுபதிப்புகளைத் தேடுங்கள். ஆரம்பகாலக் கதைகள் அசல் வடிவிலேயே கிடைக்கும். 35ஆம் புத்தகத்திலிருந்து இந்தத் தொல்லை இல்லை. பக்கங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும்.