நாலு மாரி கண்ட டெல் டி330: லொக் சொல்வதும் பெட்டிக்குள் நடப்பதும்

பாவித்த நிலையில் எடுத்த டெல் பவர்எட்ஜ் டி330 சேர்வர் ஒன்று, மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே நாலு மாரி ஓடி முடித்துவிட்டது. கணக்கு மென்பொருள், பொது ஃபோல்டர், இரவில் பேக்கப், இவ்வளவுதான் வேலை. வேகத்தில் குறையில்லை, அதை விட்டுவிடலாம். இந்த மெஷினில் ஏதோ பிழை என்று மஞ்சள் விளக்கு எரியும்போது எந்தப் பாகத்தைச் சந்தேகப்படுவது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். விளக்கு எரிந்த உடனே கொழும்புக்குப் பாகம் சொல்லி அனுப்புகிறவர்களுக்குப் பாதிக் காசு வீண்.

இதில் ஐட்ராக்8 என்று தனியாக ஒரு கண்காணிப்பு சிப் இருக்கிறது. சேர்வர் அணைந்திருந்தாலும் வயர் செருகியிருந்தால் அது விழித்திருக்கும். தொழிற்சாலை முகவரி 192.168.0.120, பெயர் ரூட், கடவுச்சொல் கல்வின். முதல் நாளே மாற்றிவிடுங்கள். பழைய சொந்தக்காரர் வேறு முகவரி போட்டிருந்தால் எஃப்2 அழுத்தி உள்ளே போய் ரீசெட் செய்யலாம். நடந்த பிழைகளை அந்தச் சிப் பதிந்து வைக்கும் லொக்கைத் திறந்ததும் முதலில் திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னுக்கு நின்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரி தீர்ந்துவிட்டது. மீட்டரில் 3 வோல்ட்டுக்குக் கிட்ட காட்ட வேண்டும். அதை மாற்றாமல் மற்ற வரிகளை வாசித்துப் பயனில்லை, எது எப்போது நடந்தது என்றே தெரியாது.

அதிகம் வரும் வரி மெமரிப் பிழை. மெம்0701 என்ற எண்ணோடு, ‘ஏ2’ ஸ்லொட்டில் (மெமரித் துண்டு செருகும் இடம்) மெஷின் தானே திருத்தக்கூடிய பிழைகள் எல்லை தாண்டின என்று எழுதியிருக்கும். லொக் சொல்வது ஸ்லொட்டின் பெயரை மட்டுமே. குற்றவாளி அந்தத் துண்டா, ஸ்லொட்டா, இரண்டும் தொடும் இடமா என்பதை நாம்தான் பிரித்தறிய வேண்டும். சேர்வரை முறையாக அணைத்து, எல்லாப் பவர் வயரையும் கழற்றி, பவர் பொத்தானை 15 செக்கன் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். ஏ1, ஏ2 துண்டுகளை இடம் மாற்றிச் செருகி, லொக்கைத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் வழமைபோல ஓடவிடுங்கள். பிழை ஏ1க்கு வந்தால் துண்டு போய்விட்டது. ஏ2விலேயே நின்றால் ஸ்லொட், இல்லாவிட்டால் பிராசசர் சொக்கெட்டின் ஊசிமுனை. இரண்டிலும் வராமல் பிழையே மறைந்துவிட்டால்? நம் பக்கத்தில் அதுதான் அதிகம். கழற்றிச் செருகியதில் தொடுமுனை உரசிச் சுத்தமாகிவிட்டது, அவ்வளவுதான்.

காரணம் உப்பு. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் உப்புத்தூசி காய்ந்து கிடக்கும், ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். வாடையோடு மாரி பிறந்ததும் பிழைகள் வரிசையில் வருவது அதனால்தான். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் சூட்டில் தன்னைக் காய வைத்துக்கொள்கிறது. வெள்ளி பின்னேரம் அணைத்து திங்கள் காலை போடப்படும் சேர்வர்தான் கூடுதலாகத் துருப்பிடிக்கும். இரண்டு நாள் மிச்சப்படுத்தும் கரண்ட் பில்லைவிட ஒரு துண்டு றாமின் விலை அதிகம், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடுமுனையைத் துடைக்க 99 வீத ஐசோபுரோபைல் அல்கஹோல் வேண்டும். ஃபார்மசியில் கிடைக்கும் 70 வீதத்தில் மிச்சம் தண்ணீர். பென்சில் அழிறப்பர் வேண்டாம், தங்கப் பூச்சைத் தேய்த்துவிட்டுத் தூளை ஸ்லொட்டுக்குள் விட்டுவிடும். புதுத் துண்டு வாங்கும்போது ஈசிசி (பிழையைத் தானே திருத்தும் வசதி) உள்ள யூடிம் வகை என்று கேட்டு வாங்குங்கள். பெரிய சேர்வர்களில் இருந்து கழற்றிய ஆர்டிம் வகைத் துண்டு மலிவாகக் கிடைக்கும், ஸ்லொட்டுக்குள் போகவும் செய்யும். ஆனால் மெஷின் எழும்பாது.

ஹார்ட்டிஸ்க் விஷயத்தில், டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் கணக்கில் நாலு எண் போதும். 5, 197, 198 ஏறினால் தட்டு கெடுகிறது, உடனே மாற்ற வேண்டும். 199 மட்டும் ஏறினால் கேபிளையும் டிஸ்க் செருகும் பின்தகட்டையும் பாருங்கள், டிஸ்க்கை விடுங்கள். 199 ஒருபோதும் குறையாது, ஆகவே இன்றைய எண்ணைக் குறித்து அடுத்த வாரத்தோடு ஒப்பிட வேண்டும். இன்னொரு பொறி இருக்கிறது. வீட்டு கொம்பியூட்டருக்கான டிஸ்க்கை ரெய்டில் (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) போட்டால், வாசிக்கச் சிரமமான ஓர் இடத்தில் அது நெடுநேரம் முயன்றுகொண்டே இருக்கும். அவற்றை நடத்தும் கன்ட்ரோலர் சில செக்கன்தான் பொறுக்கும், பிறகு ‘செத்துவிட்டது’ என்று தள்ளிவிடும். கழற்றி வேறு மெஷினில் போட்டால் நன்றாகவே ஓடும். சேர்வர், நாஸ் (நெட்வேர்க் சேமிப்புப் பெட்டி) பாவனைக்கான டிஸ்க்குகள் ஏறத்தாழ 7 செக்கனில் கைவிட்டுப் பதில் சொல்லும்.

பவர் பக்கம், லொக்கில் பிஎஸ்யூ0003 என்பது உள்ளே வரும் கரண்ட் நின்றது என்று பொருள். பவர் சப்ளை பழுது என்று அதற்கு அர்த்தமில்லை. யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போன கையோடு சேர்வர் விழுந்து எழும்பினால் யூபிஎஸ்ஸின் அலைவடிவத்தைச் சந்தேகியுங்கள். மலிவான யூபிஎஸ் தரும் படிக்கட்டு அலை இந்த வகைப் பவர் சப்ளைக்குச் சரிவராது, சைன் அலை தருவதாக வாங்க வேண்டும். சுவர் சொக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அது சேர்வர் வேலை இல்லை.

சூடு பற்றி அதிகம் இல்லை. முன்பக்கம் நுழையும் காற்று 35 பாகைக்குள் இருக்க வேண்டும், தகரக் கூரை அறையில் கச்சான் காலத்து மதியம் அதைத் தாண்டிவிடும். அம்பாறை, சம்மாந்துறைப் பக்கம் உப்புக்குப் பதில் உமித்தூசி. அரிசி ஆலை அலுவலகம் என்றால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கை மாதம் ஒருமுறை ஊத வேண்டும், அப்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேறு கம்பனி நெட்வேர்க் கார்ட் செருகிய பின் ஃபேன் இரைந்தால் பழுதல்ல. தெரியாத கார்டைக் கண்டு மெஷின் முன்னெச்சரிக்கையாக வேகத்தைக் கூட்டுகிறது.

கார்டைக் கழற்றினால் பின்பக்கத் தகட்டு மூடியை மறக்காமல் திரும்பப் போடுங்கள். அந்தத் துளை திறந்து கிடந்தால் இரவில் சூட்டைத் தேடிப் பல்லி உள்ளே வரும். மதர்போர்டில் வால் எங்கே படுகிறதோ, அதற்கு லொக்கில் எண் கிடையாது.