ஆஃபீஸ் மென்பொருள்: சந்தாவா, ஒருமுறைக் கொள்முதலா?

ஒரு கணினியில் ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸையும், மற்றொன்றில் மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எத்தனை ஆண்டுச் சந்தா ஒருமுறை விலைக்குச் சமம் என்பதையே பெரும்பாலோர் கணக்கிடுகிறார்கள். ஆதரவு முடியும் நாளைச் சேர்க்காவிட்டால் அந்தக் கணக்கு தவறாகிவிடும்.

ஒருமுறை வாங்கிய மென்பொருள் தொடர்ந்து இயங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் ஒரு குறிப்பிட்ட நாளோடு நின்றுவிடும்; அதுவே ஆதரவு முடியும் நாள். ஆஃபீஸ் 2016 ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆதரவு பெற்றது. அதற்குப் பின் வந்த 2019 பதிப்புக்கும் அதே 2025 அக்டோபர் 14 அன்றே ஆதரவு முடிந்தது. 2021 பதிப்புக்கு 2026 அக்டோபர் 13, 2024 பதிப்புக்கு 2029 அக்டோபர் 9 என்று, இப்போதைய கெடு ஐந்தே ஆண்டுகள். ஆகவே, ஒரு பதிப்பு வெளிவந்து மூன்றாண்டு கழித்து, விலை குறைந்திருக்கிறது என்று அதை வாங்குபவருக்கு மிஞ்சுவது இரண்டாண்டுப் பாதுகாப்பு மட்டுமே. வெளியிலிருந்து வரும் கோப்புகளை நாள்தோறும் திறப்பவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

வேர்டில் இரண்டுக்கும் இடையே எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எக்செல்லில் தெரிந்தது: சந்தாப் பதிப்பில் எக்ஸ்லுக்கப் (XLOOKUP) என்ற தேடல் சார்பைக் கொண்டு அமைத்த அட்டவணையை, அந்தச் சார்பு இல்லாத 2019 பதிப்பில் திறந்தால் பழைய விடை தெரியும், மறுபடி கணக்கிட்டவுடன் பிழை காட்டும். இத்தகைய கோப்புகளைப் பிறரோடு பகிர்பவர்களுக்குச் சந்தாவே பொருத்தம். ஒருமுறைக் கொள்முதல் ஒரே கணினிக்கு மட்டும் என்பதாலும், குடும்பச் சந்தாவை ஆறு பேர் வரை பகிரலாம் என்பதாலும், பல கருவிகள் உள்ள வீட்டுக்கும் அதையே பரிந்துரைப்பேன். ஒரே கணினியில் கடிதமும் எளிய கணக்கும் மட்டும் செய்பவர், புதிய பதிப்பை அது வெளிவந்த ஆண்டிலேயே வாங்குவது நல்லது.

சந்தாவை விடமுடியாதபடி என்னைப் பிடித்துவைத்திருப்பது அதனுடன் வரும் ஒரு டெராபைட் ஒன்டிரைவ் இணையச் சேமிப்பிடம். சந்தா முடிந்தபின் வேர்டிலும் எக்செல்லிலும் கோப்புகளைப் பார்க்கவும் அச்சிடவும் முடியும், திருத்த முடியாது. அந்தக் குறையை இலவச லிப்ரெஆஃபீஸ் ஓரளவு தீர்த்துவிடும். சேமிப்பிடம் 5 ஜிபியாகச் சுருங்குவதற்கு அப்படி எளிய மாற்று இல்லை. அளவுக்கு மேல் இருப்பவை பல மாதங்கள் அப்படியே கிடந்தால் அழிக்கப்படவும் கூடும் என்பதால், சந்தா எடுத்த முதல் நாளிலிருந்தே எல்லாக் கோப்புகளுக்கும் தனி வட்டில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.