40 யூனிட் இன்சுலின் குப்பி: உள்ளே இருப்பது நல்ல சரக்கு, கோளாறெல்லாம் வெளியேதான்

மெடிக்கலில் "முப்பது எழுபது ஒண்ணு" என்று கேட்டால் ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்துக் கொடுக்கிறார்களே, அந்த 10 மில்லி கண்ணாடிக் குப்பியைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. எந்தக் கம்பெனி என்பதற்குள் போகவில்லை. இரண்டு வகை கலந்த மனித இன்சுலின், மில்லிக்கு 40 யூனிட், குப்பிக்கு 400 யூனிட். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கு அரசு உச்சவரம்பு உண்டு. பெரும்பாலும் 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். நாளுக்கு 20 யூனிட் போடுபவருக்கு 20 நாள், 30 யூனிட் போடுபவருக்கு 13 நாள் வரும். இந்தக் காசுக்கு இதைவிடச் சுத்தமான புரதம் வேறெந்தக் கடையிலும் கிடைக்காது.

குப்பியைத் திருப்பினால் பொடி எழுத்தில் 'ஆர்டிஎன்ஏ ஆரிஜின்' என்று போட்டிருக்கும். மேலே 'ஹியூமன்' என்று இருப்பதைப் பார்த்து மனுஷ உடம்பிலிருந்து எடுத்த மருந்தா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒரு சொட்டுகூட மனிதரிடமிருந்து எடுத்ததில்லை. இன்சுலின் செய்யச் சொல்லும் மரபணுக் குறிப்பை ஈஸ்டுக்கோ பாக்டீரியாவுக்கோ கொடுத்து, அதைக்கொண்டு செய்ய வைத்தது. மரபணு மாற்றம் என்றாலே அரூர்ப் பக்கம் பி.டி. பருத்திதான் நினைவுக்கு வரும். அது இந்தியாவுக்கு வந்தது 2002-ல். இன்சுலின் அதற்கு 20 வருஷம் மூத்தது. மரபணுப் பொறியியலில் செய்து விற்பனைக்கு அனுமதி வாங்கிய முதல் மருந்தே 1982-ல் வந்த மனித இன்சுலின்தான்.

அதற்கு முன்னால் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தார்கள். இன்சுலினில் இரண்டு சங்கிலி: 21 அமினோ அமிலம் உள்ள ஏ, 30 உள்ள பி. பன்றி இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் ஒரே ஒரு இடத்தில், பி சங்கிலியின் கடைசியில்தான் வித்தியாசம். மாட்டுக்கு மூன்று இடத்தில். வேலை செய்யும், ஆனால் சிலருக்கு உடம்பு அதை அந்நியம் என்று கண்டுகொண்டு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கும், ஊசி போட்ட இடம் குழியும்.

1978-ல் அமெரிக்காவில் ஜெனென்டெக் கம்பெனி, சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மைய ஆய்வாளர்கள் செய்த வழி இன்றைக்குப் பார்த்தாலும் ரசிக்கத்தக்கது. ஏ, பி சங்கிலிகளுக்கான டிஎன்ஏ துண்டுகளை வேதியியல் முறையில் எழுத்தெழுத்தாகக் கோத்துச் செய்தார்கள். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியாகச் சுற்றும் சின்ன டிஎன்ஏ வளையம். ஈகோஆர்-1, பாம்எச்-1 என்ற இரண்டு நொதிகளால் அந்த வளையத்தை வெட்டினால், வெட்டிய முனைகளில் நான்கெழுத்து ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டு நிற்கும். செய்த துண்டின் முனைகளிலும் அதற்குப் பொருந்தும் எழுத்துகளை முன்கூட்டியே வைத்திருந்ததால் இரண்டும் தானாகச் சேரும். லிகேஸ் என்ற நொதி அந்த இணைப்பை இறுக்கும். இரண்டு வெவ்வேறு நொதி எதற்கென்றால், துண்டு தலைகீழாக உட்கார முடியாது, வெட்டிய வளையமும் வெறுமனே மூடிக்கொள்ளாது.

இன்னொரு சிக்கல்: இவ்வளவு சின்னப் புரதத்தைத் தனியாகச் செய்தால் பாக்டீரியா அதைக் குப்பை என்று நினைத்துச் சிதைத்துவிடும். அதனால் பீட்டா கேலக்டோசிடேஸ் என்ற பெரிய புரதத்தின் வாலில் ஒட்டவைத்தார்கள். ஒட்டிய இடத்தில் மெத்தியோனின் என்ற ஒரு அமினோ அமிலம். சயனோஜென் புரோமைடு என்ற ரசாயனம் மெத்தியோனின் இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டும். இன்சுலினுக்குள் மெத்தியோனினே கிடையாது. எனவே சங்கிலி முழுசாகக் கழன்று வரும். ஏ தனியாக, பி தனியாக வளர்த்து, கடைசியில் கந்தகப் பாலங்களால் இணைத்தார்கள்.

இதை மாங்கன்று ஒட்டுக்கட்டுவதோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். சந்தூர் நர்சரிக்காரர் யாரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஒட்டில் வேர்க்கன்று வேர்க்கன்றாகவே இருக்கும், மேலே கட்டிய குச்சி தன் காயைக் காய்க்கும், ஒன்றின் மரபணு மற்றதற்குள் போய் உட்காருவதில்லை. இங்கே செல்லே புதுக் குறிப்பைத் தனதாக்கிக்கொண்டு, பிரியும்போதெல்லாம் பிள்ளைக்கும் கொடுத்துவிடுகிறது. ஒரு செல் மாறினால் போதும், அப்புறம் தொட்டி தொட்டியாகப் பெருக்கிக்கொள்ளலாம்.

அந்தத் தொட்டிகளைத் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதுமில்லை. ஓசூர் தாண்டி பெங்களூரு போகும் அதே சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் பயோகான் கம்பெனி 2004-ல் பிகியா என்ற ஈஸ்டில் செய்த மனித இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஈஸ்டில் ஒரு வசதி: இன்சுலினின் முன்வடிவைச் சரியாக மடித்து, மூன்று கந்தகப் பாலமும் போட்டு, செல்லுக்கு வெளியே தள்ளிவிடும். ஈ.கோலை பாக்டீரியாவில் அது உள்ளேயே கட்டிக் கட்டியாகத் தேங்கும். செல்லை உடைத்து, கட்டியைக் கரைத்து, மறுபடி மடிய வைக்க வேண்டும். இரண்டு வழியிலும் கடைசியில் வருவது ஒரே மூலக்கூறுதான். "அது ஈஸ்ட், இது பாக்டீரியா, எது நல்லது" என்று கவுன்டரில் நின்று யோசிக்கத் தேவையில்லை.

மெடிக்கல் ஃப்ரிட்ஜில் அதே தட்டில் இருக்கும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் ஈஸ்டில் செய்ததே. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபொய்டினுக்கு மட்டும் பாலூட்டிச் செல் வேண்டும். அந்தப் புரதத்தின்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் சரியாக ஏற வேண்டும், ஈ.கோலைக்கு அது வராது. அதன் விலை வேறு தினுசில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி கையில் எடுத்துப் பார்ப்போம். முப்பது எழுபது என்பதில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும் தெளிந்த ரெகுலர், 70 பங்கு மெதுவாக நெடுநேரம் வேலை செய்யும் கலங்கலான என்பிஎச். ரப்பர் மூடியைத் துடைத்து முகர்ந்தால் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். அது மெட்டாகிரெசால், கிருமி சேராமல் இருக்கக் கலந்தது, கெட்ட வாசனை என்று பயப்பட வேண்டாம். என்பிஎச் பகுதியைக் கலங்கலாக்குவது புரோட்டமின், மீனிலிருந்து எடுப்பது. சுத்த சைவக்காரர்கள் கேட்டால் சொல்லிவிடுவது மரியாதை. நிற்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அதை அப்படியே இழுத்தால் முதல் நாட்களில் தெளிந்த மருந்து அதிகமாகப் போகும், கடைசி நாட்களில் கலங்கல் அதிகமாகப் போகும். உள்ளங்கைகளுக்கு நடுவே படுக்கவைத்து 20 தடவை உருட்ட வேண்டும். இருமல் சிரப் மாதிரி குலுக்கினால் நுரை வந்து அளவு தவறும், புரதமும் கெடும்.

இந்தத் தயாரிப்பின் பெரிய குறை மருந்தில் இல்லை, 40 என்ற எண்ணில் இருக்கிறது. பல நாடுகள் 100-க்கு மாறிவிட்டன. நம்மூரில் குப்பி பெரும்பாலும் 40, இன்சுலின் பேனாவுக்குள் போடும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜ் 100. சிரிஞ்சும் இரண்டு விதம்: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட். சர்க்கரை இறங்காது, டோஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். திருப்பிப் போட்டால் ஆபத்து இன்னும் பெரிது. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 0.5 மில்லி, 50 யூனிட். இரண்டரை மடங்கு. அவசரத்துக்குப் பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சும் பழக்கம் இருக்கிறது, அதை அடியோடு விட வேண்டும். குப்பியும் சிரிஞ்சும் ஒரே பில்லில் வாங்கி, இரண்டிலும் 40 என்று இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே ஐந்தில் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கலாம்.

அடுத்து வெயில். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி. திறந்ததை 25 முதல் 30 டிகிரிக்குள் வைத்துப் பொதுவாக 28 நாள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் வேறு கணக்கு போட்டிருந்தால் அதுவே சரி. சித்திரை, வைகாசியில் தகர ஷீட் வீட்டுக்குள் 30 டிகிரி என்பது நடக்காத காரியம். சூட்டில் மடிப்பு குலைந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நாராகப் பின்னிக்கொள்ளும். தெளிந்த மருந்தில் புகை படிந்தாலோ, கலங்கல் மருந்தில் உருட்டிய பிறகும் திரி திரியாக மிதந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனி பூத்த மாதிரி ஒட்டினாலோ தூக்கிப் போட வேண்டும். பார்வைக்கு ஒன்றும் தெரியாமலே பாதி வீரியம் போயிருக்கவும் கூடும். அதே டோஸ், அதே சாப்பாடு, சர்க்கரை மட்டும் ஏறுகிறது என்றால் முதலில் குப்பியைச் சந்தேகப்படுங்கள்.

அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் மலைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும்போது பைக் டிக்கியில் போடக்கூடாது. ஐஸ் கட்டிமேல் நேராகவும் வைக்கக்கூடாது. உறைந்த இன்சுலின் செத்த இன்சுலின், உருக வைத்தாலும் பயனில்லை. என்பிஎச் படிகங்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். ஐஸைத் துணியில் சுற்றி, நடுவில் ஒரு துண்டு மடித்து வைத்து, அப்புறம் குப்பி. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்குக் கீழே இருக்கும் சில்லர் தட்டு வேண்டாம், கதவுப் பக்கமே நல்லது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மூடியாக ஈரத்துணி. குப்பியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வைக்கலாம். காற்று காய்ந்திருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது நன்றாகவே வேலை செய்யும், ஐப்பசி மழையில் அவ்வளவு எடுபடாது.

ரெகுலர் இன்சுலின் குப்பிக்குள் ஆறு ஆறாகச் சேர்ந்து இருக்கும். தோலுக்கடியில் போனபின் பிரிந்து ஒற்றையானால்தான் ரத்தத்தில் ஏறும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்வது. களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு ஊசியைத் தேடினால் சர்க்கரை முன்னால் ஓடும், மருந்து பின்னால் துரத்தும். அதே மாதிரி காலையில் போட்டதில் இருக்கும் என்பிஎச் பகுதி மதியத்துக்குத்தான் உச்சத்துக்கு வரும். நூறு நாள் வேலையிலோ தோட்டத்திலோ சாப்பாடு 3 மணிக்குத் தள்ளினால் சர்க்கரை இறங்கி வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மாம்பழ சீசனில் "ரெண்டு செந்தூரா சாப்பிட்டேன், நாலு யூனிட் ஏத்திக்கிறேன்" என்பது இங்கே சகஜம். முப்பது எழுபதில் 4 யூனிட் ஏற்றினால் பழத்துக்கு உதவுவது 1.2 யூனிட், மீதி 2.8 பல மணி நேரம் கழித்து, பழமெல்லாம் செரித்த பிறகு வேலையைக் காட்டும். இரவில் என்றால் தூக்கத்தில் சர்க்கரை இறங்கும். கலவை மருந்தின் இயல்பான குறை இது, டாக்டரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாததற்கும் இதுதான் காரணம்.

இந்தக் குறையைத் தீர்க்கவும் மரபணுப் பொறியியலே வந்தது. பி சங்கிலியின் 28, 29-ம் இடங்களில் இருந்த இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றியதும் ஆறாகச் சேரும் பிடிப்பு தளர்ந்துவிட்டது. அது லிஸ்ப்ரோ, உட்கார்ந்த பிறகே போடலாம். ஏ சங்கிலியின் 21-ல் கிளைசின் என்ற அமினோ அமிலத்தை வைத்து, பி சங்கிலியின் கடைசியில் ஆர்ஜினின் என்ற இன்னொன்றை இரண்டு சேர்த்தது கிளார்ஜின். குப்பியில் அமிலத்தன்மையோடு தெளிவாக இருக்கும், தோலுக்கடியில் போனதும் படிந்து, ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தெளிவாக இருக்கிறதே என்று ரெகுலரோடு ஒரே சிரிஞ்சில் கலந்தால் அமிலம் மாறி இரண்டும் கெடும். இரவில் அடிக்கடி இறங்குபவர்கள், சாப்பாட்டு நேரம் நிலையில்லாதவர்கள் இந்தப் பக்கம் மாறுவது பற்றி டாக்டரிடம் கேட்கலாம். வேளைக்குச் சாப்பிட்டு, சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் பேனா வைத்திருக்கிறார் என்பதற்காகப் பல மடங்கு காசு கொடுக்க அவசியமில்லை.

போடும் இடத்தையும் கவனியுங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் தள்ளி. வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்தினால் கொழுப்பு கட்டி தடிக்கும். அங்கே வலி குறைவுதான், ஆனால் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, மன்னிக்கவும், எடுத்த குளிரோடு போட்டால் எரியும், கொஞ்ச நேரம் வெளியே வைத்துப் போடலாம்.

வாங்கும்போது முடிவுத் தேதியையும், மூடியின் மேலிருக்கும் பிளாஸ்டிக் தொப்பி கழற்றப்படாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். குப்பியை மேஜைமேல் இருந்த அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்து முதல் ஊசி குத்தும் அன்றைக்கே பால்பாயிண்ட் பேனாவால் லேபிளில் தேதியை எழுதிவிடுங்கள். நாளுக்கு 10 யூனிட் மட்டும் போடுபவருக்கு 28-ம் நாளிலும் குப்பியில் 120 யூனிட் மிச்சம் இருக்கும். அதைக் கொட்ட மனசு வராது, கொட்டத்தான் வேண்டும்.