துபாய் மாலைநேரப் பாலைவனச் சவாரி: மலையகத்திலிருந்து செல்வோருக்கு

துபாயில் வேலை செய்யும் உறவினரைப் பார்க்க மலையகத்திலிருந்து செல்பவர்கள் ஆசையோடு பதிவு செய்யும் இச்சவாரியில், கொடுத்த பணத்துக்கு உண்மையிலேயே ஈடு தருவது மணல்மேட்டு ஓட்டம் ஒன்றுதான். லஹ்பாப் பகுதியின் செம்மணலை அடைந்ததும், டயர்கள் அகன்று படிந்து மணலில் புதையாதிருக்கும் பொருட்டு அவற்றின் காற்றைக் குறைத்துவிட்டு, ஓட்டுநர் லேண்ட் குரூசரை மேட்டின் விளிம்புவரை ஏற்றிப் பக்கவாட்டில் சரியவிடுகிறார். ரம்பொடை வளைவுகளுக்குப் பழகிய வயிறும் இங்கே கலங்கும். மதிய உணவைக் குறைத்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளும் முதுகுவலி உள்ளவர்களும் இதைத் தவிர்த்து, நேரே முகாமுக்கு அழைத்துச் செல்லும்படி பதிவின்போதே கேட்க வேண்டும்.

ஒட்டகச் சவாரி ஏமாற்றமே; ஏறி அமர்ந்த சிறிது நேரத்திலேயே ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. ஒட்டகம் பின்னங்கால்களை முதலில் ஊன்றி எழும்போது உடல் முன்னோக்கிச் சரியும் என்பதை வழிகாட்டி முன்கூட்டியே சொல்லியிருந்தால், என் மாமியார் அப்படி அலறியிருக்க மாட்டார். முகாமில் பேரீச்சம்பழம், ஏலக்காய் மணக்கும் அரபுக் கோப்பி, மருதாணி, பாவாடை விரியச் சுழன்றாடும் தனூரா நடனம், சுட்ட இறைச்சி ஆகியன உண்டு. அங்கு தரும் தேநீரைப் பற்றித் தேயிலைத் தோட்டத்துக்காரர்களிடம் எதுவும் சொல்லாதிருப்பதே மரியாதை. மணலில் ஓட்டும் நான்கு சக்கர குவாட் பைக்குக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் என்பதால் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவுப் பாலைவனம் குளிரும். நுவரெலியாவுக்கு உடுத்தும் கம்பளிச் சட்டையையே எடுத்துச் செல்லலாம்.