பழைய உடைகளின் நிறம் தேடுவோருக்கு ரைக்ஸ்மியூசியத்தின் இணையத் தொகுப்பு

17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து உடைகளை மேடைக்காகத் தைப்பவர்களுக்கு, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் என்னும் அருங்காட்சியகம் தன் ஓவியங்களை மிகத் துல்லியமான படங்களாகக் கட்டணமின்றி இணையத்தில் வழங்கிவருவது பெரும் கொடை என்றே சொல்வேன். நெதர்லாந்து ஓவியர் வெர்மீர் 1660ஆம் ஆண்டையொட்டி வரைந்த, பால் ஊற்றும் பணிப்பெண்ணின் படத்தைப் பெரிதாக்கினால், மஞ்சள் மேற்சட்டையின் முரட்டுத் தையலும், நீல ஏப்ரனுக்கு அடியில் தெரியும் சிவப்புப் பாவாடையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் விரிகின்றன. இந்த நெருக்கம் எந்த அச்சுப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆயினும் கண்ணில் படும் நிறத்தை அப்படியே துணிக்கு மாற்றிவிடக் கூடாது. அந்த ஏப்ரனின் நீலம் லாபிஸ் லசுலி கல்லை அரைத்துப் பெற்ற, விலையுயர்ந்த ஓவிய வண்ணம். அக்காலத்து ஐரோப்பியத் துணிகளுக்கு நீலச் சாயம் தந்தவையோ வோட் செடியும் அவுரியும்தான். ஓவியத்தின் மேலே பூசிய வார்னிஷ் நாளடைவில் மஞ்சளேறி, வெள்ளைத் துணியையும் பழுப்பாகக் காட்டும். வெர்மீரின் தெரு ஓவியத்தில் இலைகள் இன்று நீலமாகத் தெரிவதற்குக் காரணம், பச்சையில் கலந்திருந்த மஞ்சள் மங்கிப்போனதே. ஆகவே ஒரே ஓவியத்தை நம்பாமல், அதே பத்தாண்டைச் சேர்ந்த நான்கைந்து ஓவியங்களை ஒப்பிட்ட பிறகே, சாயமேற்றிய துணித்துண்டைப் பகல் வெளிச்சத்தில் வைத்து நிறத்தை முடிவுசெய்கிறேன்.