எட்டு அங்குல ஸ்காரிஃபையர்: வாடகைக்கு எடுக்கும் முன் டிரம்மைத் திறந்து பாருங்கள்

கொத்தனாரும் சித்தாளும் உளி சுத்தியலோடு நாள்கணக்கில் கொத்துகிற தரையை, எட்டு அங்குல ஸ்காரிஃபையர் என்ற தரை கொத்தும் மிஷின் சில மணி நேரத்தில் கொத்திவிடும். தடித்த பழைய எபாக்சி பூச்சு, மேலே படிந்து இறுகிய சிமெண்ட் பால், மட்டத்துக்கு மேல் எழும்பி நிற்கும் கான்கிரீட் மேடு ஆகியவற்றுக்கு நம்பி எடுக்கலாம். திருநெல்வேலியில் பேட்டை, கங்கைகொண்டான் பக்கத்துப் பட்டறை, குடோன் தரைகளுக்குப் பொருத்தமான மிஷின். ஆனால் டிரம்மைப் பார்க்காமல் எடுத்தால், பொருத்தமான தரையையும் கெடுத்துவிடும்.

டிரம்மின் இரண்டு பக்கத் தட்டுகளுக்கு நடுவே பல ஷாஃப்ட்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கார்பைடு முனை வைத்த கட்டரும் வாஷரும் மாறிமாறிக் கோத்திருக்கும். கட்டரின் துளை ஷாஃப்டைவிட வேண்டுமென்றே பெரிதாக வைக்கப்பட்டது. டிரம் சுழலும்போது கட்டர் வெளியே வீசி, தரையை அடித்து, பின்வாங்க வேண்டும். அந்த ஆட்டம் இருந்தால்தான் கான்கிரீட் பெயரும். கடையில், பிளக்கைப் பிடுங்கிய பிறகு, "அண்ணாச்சி, டிரம்மை ஒருக்கக் கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டரையும் விரலால் சுற்றிப் பாருங்கள். பழைய பசையும் பொடியும் இறுகி ஒட்டிப்போனது சுற்றாது. துளை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தாலோ, ஷாஃப்டில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட ஷாஃப்ட் ஓட்டத்திலேயே ஒடியும். புதிய கட்டரும் தேய்ந்த கட்டரும் கலந்திருந்தால் புதியது மட்டுமே தரையைத் தொடும், தரையில் உழவுச்சால் மாதிரி கோடு விழும். இந்தச் சோதனைக்கு முகம் சுளிக்கிற கடையில் மிஷின் எடுக்காமல் இருப்பதே மேல்.

அதிகம் கெடுவது ஆழ அமைப்பில். ஆழமாக இறக்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்பது தவறு. அதிகமாக இறக்கினால் கட்டர் வீச இடமில்லாமல் மடங்கி நிற்கும், மிஷின் தவளை போலத் துள்ளும், ஷாஃப்ட் வளையும். முனை தரையைத் தொட்டும் தொடாமலும் உரசுகிற இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சிறிது மட்டும் இறக்குங்கள். ஒரு ஓட்டத்துக்கு 3 மி.மீ. உச்சம். 6 மி.மீ. எடுக்க வேண்டுமானால் இரண்டு ஓட்டம், இரண்டாவது முதலாவதற்குக் குறுக்காக. டிரம்மைத் தூக்கிய நிலையில் மோட்டாரைப் போட்டு, முழு வேகம் வந்த பிறகு, நகர்ந்துகொண்டே மெல்ல இறக்க வேண்டும். நின்ற இடத்தில் இறக்கினால் அங்கே குழி. ஒவ்வொரு பட்டையும் முந்தையதன் மேல் இரண்டு மூன்று செ.மீ. ஏறட்டும்.

எந்தத் தரைக்கு எடுக்கக் கூடாது என்பதும் முக்கியம். கல்லிடைக்குறிச்சி அக்ரகார வீடுகளைப் போன்ற பழைய வீடுகளில் சிவப்புப் பூச்சுக்குக் கீழே சுண்ணாம்புத் தளம் இருந்தால் மிஷினை உள்ளே கொண்டுபோகவே கூடாது. மேல் பூச்சு உடைந்ததும் அடியில் இருப்பதெல்லாம் பொலபொலவென்று வந்துவிடும். மாடித் தளத்தில் கம்பிக்கு மேலுள்ள கவர் 15, 20 மி.மீ.தான் இருக்கக்கூடும், அங்கே ஆழம் எடுப்பது வீட்டின் ஆயுளைக் குறைப்பது. புதுத் தளம் 28 நாள் ஆகாமல் இருந்தால் சல்லியே பிடுங்கிக்கொண்டு வரும். அரவை மில், ஒர்க்‌ஷாப் தரையில் எண்ணெய் ஊறியிருந்தால் முதலில் டிடர்ஜென்ட் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். கொத்திய பிறகு கழுவினால் எண்ணெய் திறந்த துளைகளுக்குள் இறங்கிவிடும். தரைக்குள் போகும் மோட்டார் வயர், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் சாக்பீஸால் குறித்து, அந்த வயரின் மின்சாரத்தை நிறுத்திய பின்பே அந்தப் பக்கம் போகலாம்.

இனி தூசி. கான்கிரீட் பொடியில் உள்ள சிலிக்கா கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. அது நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைக் கொடுக்கும், வந்தால் திரும்பாது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலிலேயே அது இடம்பெற்றிருந்தது. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி எட்டு மணி நேரச் சராசரியாக அனுமதிப்பது கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் மட்டுமே. மூக்கில் துண்டைக் கட்டுவது அதைத் தடுக்காது. ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி. 2 மாஸ்க்காவது வேண்டும், தாடி இல்லாத முகத்தில் ஒட்டிப் பொருந்த வேண்டும். அதற்கும் முன்னால் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வைத்த வேக்குவம், மிஷினோடு இணைந்திருக்க வேண்டும். வேக்குவம் இல்லாமல் மிஷினை மட்டும் கொடுத்தால் அது அரைகுறை வாடகைதான். டேபிள் ஃபேன் வைக்காதீர்கள், விளக்குமாறால் பெருக்காதீர்கள். இரண்டும் தூசியைக் கிளப்பிவிடும். ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் அதைச் சுவாசிப்பார்.

பெட்ரோல் மாடல் வெட்டவெளிக்கு நல்லது. மூடிய குடோனுக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும், வாடை தெரியாமலே ஆள் மயங்கி விழுவார். உள்ளே மின்சார மாடல்தான். அதற்கு 16 ஆம்பியர் பிளக், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் கட்டாயம். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் இழுத்தால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடாகும். காதடைப்பானும் கண்ணாடியும் போட்டு, கைக்கு அதிர்வு ஏறாமல் ஆளை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

கொத்திய தரையின் முரட்டுத்தனத்தை சி.எஸ்.பி. என்ற அளவால் சொல்வார்கள், எண் கூடக் கூட முரடு. ஸ்காரிஃபையர் தருவது 4 முதல் 7 வரை. செல்ஃப் லெவலிங் மேல்பூச்சுக்கு 4 முதல் 6 போதும், கால் மி.மீ. தடிமனுள்ள மெல்லிய எபாக்சி கேட்பது 1 முதல் 3. அதனால் மெல்லிய கோட்டிங்குக்கு இந்த மிஷினை எடுத்தால் கோடுகள் அப்படியே மேலே தெரியும், தரை தேய்க்கும் கிரைண்டரே சரி. அடித்துப் பெயர்ப்பதால் மேற்பரப்பில் நுண்விரிசல் தங்கும். கிரைண்டரில் மாட்டும் வைர கப் வீலால் ஒருமுறை தேய்த்து எடுத்துவிட்டு, வேக்குவம் போட்டு, பிறகு பிரைமர். சுவரோரம் இரண்டு மூன்று அங்குலம் டிரம் எட்டாது, அங்கேயும் தூசிமூடி போட்ட கை கிரைண்டர்தான். பிரைமருக்கு முன் பதினெட்டு அங்குலச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் எபாக்சி பூசாதீர்கள், ஆற்றங்கரை நிலத்தில் இது அடிக்கடி நடக்கும்.

திருப்பிக் கொடுக்கும் முன் டிரம்மை வேக்குவத்தால் சுத்தம் செய்து, தேய்மானத்தைக் கடைக்காரர் கண்முன்னே காட்டுங்கள். தேய்மானத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை எடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். தூசிப் பையை உதறாமல் வாயைக் கட்டி, கட்டடக் கழிவோடு போடுங்கள்.